அன்னூர் சவாரி

"ஏனுங்க தம்பி, இந்த ஆப்புல வண்டி ஓட்டற பொழப்பு கட்டுபடியாகுதுங்களா?"

பின்சீட்டுப் பெரியவர் கேட்டதும் சென்னகேசவனுக்குக் குப்பென்று வேர்த்தது. ஏ.சி. என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சரவணம்பட்டியில் அவர் ஏறியபோதே அவனுக்குச் சந்தேகம். "அன்னூருங்க. பெருமாள் கோயில் வீதி, ரைஸ்மில்லுக்கு எதுத்த ஊடு" என்றார். ஞாயிற்றுக்கிழமை அவன் பெண் பார்க்கப் போகவிருந்ததும் அதே வீடுதான். தரகர் குமாரசாமி நேற்றே எச்சரித்திருந்தார்: "பொண்ணோட அப்பா லேசுப்பட்ட ஆளில்ல கண்ணு. யாருன்னு சொல்லாம உன்ற வண்டியிலயே ஏறி விசாரிச்சாலும் விசாரிப்பாரு. சூதானமாப் பேசு."

இவர்தான் அவர், சந்தேகமே இல்லை. சவாரி இல்லாதபோது அவன் வண்டி நிற்கும் புளியமரத்தடிக்கே வந்து நின்று வண்டியைக் கூப்பிட்டிருக்கிறார். சவாரி பதிவாகியிருந்ததோ சாய்சரண் என்ற பெயரில். பெண்ணுக்கு ஓர் அண்ணன் உண்டு என்று தரகர் சொல்லியிருந்தார். அதுவும் பொருந்திப்போயிற்று.

ஏற்கெனவே 'டிரைவர்' என்று கேட்டதுமே இரண்டு இடம் தட்டிப்போய்விட்டது. ஒரு வீட்டில் காபிகூடக் கொடுக்காமல் அனுப்பினார்கள். ஆனால் இந்த நவ்யாவை விட அவனுக்கு மனசே இல்லை. போட்டோ கைக்கு வந்ததிலிருந்து சிக்னலுக்குச் சிக்னல் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"கட்டுபடியாகறதுங்களா? ராஜா மாதிரிங்க!" என்றான். "மேல அதிகாரம் பண்ண மேனேஜர் இல்லீங்க. நெனச்சாப் போனை ஆன் பண்ணுவேன். வேண்டாம்னா ஆஃப் பண்ணிப்போட்டுப் போயிருவேன். மத்தியானம் சுடுசோறு ஊட்டுலதாங்க."

வீட்டில் மத்தியானச் சோறு தின்றது எப்போது என்று அவனுக்கே ஞாபகமில்லை. நேற்று இரண்டு பன்னும் ஒரு டீயும்தான்.

"ராத்திரியில எல்லாம் ஓட்டோணுமில்லீங்க?"

"இஷ்டப்பட்டா ஓட்டலாமுங்க. நான் இருட்டுனா வண்டியத் தொடறதே இல்லீங்க." சிவந்த கண்கள் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் கண்ணாடியை லேசாக மேலே திருப்பிவிட்டான்.

"நாள் பூரா உக்காந்தே இருந்தா இடுப்பு போயிருமுன்னு சொல்றாங்களே?"

"அது லாரிக்காரங்களுக்குங்க." முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த சின்னத் தலையணையை மெல்ல உருவிப் பக்கத்து சீட்டுக்குக் கீழே தள்ளினான். இடுப்பில் சுரீர் என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான்.

"கம்பெனிக்காரன் வேற கமிஷன் புடிச்சுக்கறானாமா?"

"புடிச்சா என்னங்க? சவாரியத் தேடி நாம அலையறோமுங்களா? போன் தானா அடிக்குது."

சும்மா சொல்லக்கூடாது, பொய் அவனுக்குச் சரளமாக வந்தது. ஆனால் விரல்கள் மட்டும் ஸ்டியரிங்கில் ஓயாமல் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. பெரியவரும் நிம்மதியாக உட்காரவில்லை. துண்டு நுனியை முறுக்கிக்கொண்டு, அவன் சொன்னதையெல்லாம் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கோவில்பாளையத்தில் நிறுத்தச் சொல்லி ஆப்பிளும் மல்லிகைப் பூவும் வாங்கி வந்தார். மகளுக்குப் பூ வாங்குகிறார்! சென்னகேசவன் இறங்கிப் பையை வாங்கிப் பின்சீட்டில் பத்திரமாக வைத்தான்.

வண்டி கிளம்பியதும் பெரியவர் முன்பக்கம் சாய்ந்தார். "கண்ணு, மனசுல பட்டதச் சொல்லுங்க. இப்படி வண்டி ஓட்டற பையனுக்கு ஒருத்தர் தன்ற பொண்ணக் குடுக்கலாமுங்களா?"

வந்துவிட்டதய்யா கேள்வி! உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அவனுக்கு ஒரு கணம் தோன்றியது. அவன் வந்து வெகுநேரம் காத்திருந்த பிறகு சவாரியை ரத்து செய்கிறவர்கள், காரணமே இல்லாமல் ஒற்றை ஸ்டார் போடுகிறவர்கள், சீட்டில் வாந்தி எடுத்துவிட்டு இறங்கிப் போகிறவர்கள். இதையெல்லாம் வாயைத் திறந்து சொன்னால் நவ்யா போய்விடுவாள்.

"கண்ண மூடிக்கிட்டுக் குடுக்கலாமுங்க! ஐ.டி.யில திடீர்னு ஊட்டுக்கு அனுப்பிப்போடறாங்க. மில்லுல ஆர்டர் இல்லீன்னா லீவுங்கறாங்க. வண்டி கையில இருக்கற வரைக்கும் பொண்டாட்டி புள்ளைக்குக் கஞ்சிக்குக் கவலையே இல்லீங்க. அதுவுமில்லாம, நாள் பூரா விதவிதமான ஆளுங்களப் பொறுத்துக்கிட்டுப் பழகுனவனுங்க. பொண்டாட்டி என்ன பேசுனாலும் கோவமே வராதுங்க."

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். "அட, இது ஒண்ணு போதுமே!" என்று தொடையைத் தட்டிக்கொண்டார்.

ஜெயித்துவிட்டோம் என்று சென்னகேசவனுக்குத் தோன்றியது. மிச்ச தூரம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைக்கு எந்தச் சட்டை போடலாம் என்ற யோசனைதான்.

ரைஸ்மில்லுக்கு எதிரே வண்டி நின்றதும் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டான். அதற்குள் அந்த வீட்டுக்குள்ளிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் வேகமாக வெளியே வந்தார்.

"வாங்க, வாங்க! நான்தானுங்க நவ்யாவோட அப்பா. வழி சுளுவாத் தெரிஞ்சுதுங்களா?" என்று கைகூப்பினார்.

சென்னகேசவன் பிடித்த கதவை விடாமல் அப்படியே நின்றான்.

பெரியவர் பழப்பையை எடுத்துக்கொண்டு அவன் காதருகே குனிந்தார்.

"ரொம்ப உபகாரமுங்க கண்ணு. என்ற பையன் சாய்சரணும் உங்களாட்டத்தானுங்க வண்டி ஓட்டறான். பொண்ணு கேக்கப் போற எடத்துல இதை எப்படிச் சொல்றதுன்னு ஒரே ரோசனையாக் கெடந்துது, இனி நீங்க சொன்னத அப்படியே சொல்லிப்போடறேன். ஞாயித்துக்கெழமை வேற எவனோ ஒருத்தன் பாக்க வாரானாமா, அதுக்குள்ள பேசி முடிச்சுப்போடோணும்!"