நிறுத்திய இடத்திலிருந்து

நிலவு உதிக்கும் நேரத்தைச் சொல்லும் சின்ன நிரல் அது. லினக்ஸ் கணினிகளில் யாரும் நிறுவிக்கொள்ளும்படி அதைப் பொதியாகக் கட்டக் கற்றுக்கொண்டிருந்தாள் சஃபியா. காயல்பட்டினத்தில் அவள் கட்டுவதும், சரிபார்ப்பதற்காக அதே மூலநிரலிலிருந்து நார்வேயில் குமுதினி கட்டுவதும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருந்தால்தான் லினக்ஸ் குழுவினர் ஏற்றுக்கொள்வார்கள். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. முதல் தடவை ஒத்துப்போகவில்லை.

“உங்கட வீடு இதுக்குள்ள கிடக்கு,” என்றாள் குமுதினி தொலைபேசியில். “நீங்கள் கட்டின நேரம், உங்கட கொம்பியூட்டரின்ர பேர், எல்லாம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கு.”

“நான் ஒண்ணும் வைக்கலியே!”

“வைக்காமலே வரும். எடுத்துவிடுங்கோ.”

சஃபியா நேரத்தை எடுத்தாள். தன் பெயர் இருந்த இடங்களைத் தேடித் தேடி எடுத்தாள். எந்த ஊரிலும் யார் கையிலும் பிறந்திருக்கக்கூடிய ஒன்றாக அது ஆகும்வரை எடுத்துக்கொண்டே இருந்தாள்.

இன்று இருவரும் மறுபடி கட்டினார்கள். முடிந்ததும் பொதிக்கான அடையாளமாக எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு நீண்ட வரிசை அவரவர் திரையில் வந்தது. உள்ளே ஒரு புள்ளி மாறியிருந்தாலும் வரிசை முழுவதும் வேறாகிவிடும். நகலெடுத்து அனுப்பியிருக்கலாம். இருவருக்கும் காதால் கேட்க வேண்டும் போலிருந்தது.

“வாசியுங்கோ, நான் பாக்கிறன்.”

“ஏழு, எஃப், மூணு, சி, சைபர்...”

பாதி வரியில் சஃபியாவுக்குத் தொண்டை வறண்டது. தண்ணீருக்குக் கை நீட்டினாள்.

மறுமுனையில் குமுதினி அடுத்த எழுத்தைச் சொன்னாள். அதற்கடுத்ததையும் சொன்னாள். சஃபியா தண்ணீரை மறந்து திரையில் விரலை வைத்தாள். விரல் எதைத் தொட்டதோ அதையே அந்தக் குரல் சொல்லிக்கொண்டு போனது.