ஜெயவேல், வயது 54

பிரின்டர் கக்கிய தாளை மதி இரண்டாம் முறை படித்தாள்.

ஜெயவேல், வயது 54. கெட்ட கொழுப்பு 214. சி.ஆர்.பி. 6.8. இரண்டும் வரம்புக்கு மேலே.

இப்படி வர வழியே இல்லை.

மெஷினைத் திட்டிக்கொண்டே அதே ட்யூபை மறுபடி வைத்து ஓட்டினாள். அதே எண்கள்.

பக்கத்து மேஜையிலிருந்து சாபிரா எட்டிப் பார்த்தாள். “உன் நைனாவா? இருவது வருஷமா மணலியில டேங்க் மேல ஏறிக்கினு கீறாரு. வராம இன்னா பண்ணும்? மெஷினப் போட்டு ஏன்டி பேஜாரு பண்றே?”

மதி தாளை மறுபடி கையில் எடுத்தாள்.

காலையில் கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் முகாம். எண்ணெய் டேங்குகளின் துருவைச் சுரண்டும் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை. இந்த இரண்டு எண்ணும் வரம்பைத் தாண்டினால் ஏணி ஏறப் பாஸ் கிடையாது. பாஸ் இல்லையென்றால் வேலை இல்லை. எண்ணைத் திருத்தவும் முடியாது. மெஷினிலிருந்து நேராகக் கம்பெனி கம்ப்யூட்டருக்குப் போய்விடும்.

நெஞ்சு ஏன் கெட்டது என்று கேட்க அங்கே ஒரு நாதி கிடையாது. கெட்ட நெஞ்சைக் கேட்டுக்கு வெளியே தள்ள மட்டும் பந்தல், பேனர், பிஸ்கட்.

முகாமுக்கு ஒரு வாரம் முன்பே ஆட்கள் பச்சைப் பூண்டு மெல்லத் தொடங்கிவிடுவார்கள். கொழுப்பு இறங்கிவிடுமாம். இன்று பந்தல் முழுக்கப் பூண்டு நாற்றம்.

மணலியிலேயே பிறந்து வளர்ந்து, வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். படித்த படிப்பை அப்பாவுக்குப் புரியும்படி எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். கொழுப்பு விறகு மாதிரி, சி.ஆர்.பி. புகை மாதிரி, ரத்தக்குழாய்க்குள் எரிவதை அதுதான் காட்டிக்கொடுக்கும், பூண்டுக்கெல்லாம் அணையாது.

“மணலியில பொகை இல்லாத எடம் எங்க கீது, சொல்லு” என்று போன வாரமும் சிரித்துவிட்டு இன்னொரு பூண்டுப் பல்லை வாயில் போட்டுக்கொண்டார் ஜெயவேல்.

வீட்டு மாடிப்படி ஏறினாலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதர். கேட்டால் இன்னும் ஒரே வருஷம் என்பார், தம்பி காலேஜ் முடிக்கட்டும் என்பார். அந்த ஒரு வருஷத்துக்காக அவளும் அரை மனதாகத் தலையாட்டியிருந்தாள்.

லேப் கதவு திறந்தது. முதலில் பூண்டு வாசனை வந்தது, பிறகு அப்பாவின் தலை. ரிசல்ட் வரும்வரை வெளியே பெஞ்சில் உட்கார முடியாமல் எழுந்து வந்துவிட்டார்.

“இன்னா மதி, தேறிட்டனா?”

மதி தாளை நான்காக மடித்தாள். மடிக்கும்போது முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சு சுருக்கென்று இழுத்தது. வெள்ளைக் கோட்டின் கையை மணிக்கட்டு வரை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

காலையில் அப்பாவிடமிருந்து எடுத்த ரத்தம் அந்தக் கோட்டுப் பையில்தான் இருந்தது, பெயர் ஒட்டாமல். அவர் பெயர் ஒட்டி மெஷினுக்குப் போன ட்யூபில் இருந்தது அவளுடையது.

அவளுக்கு இருபத்து நாலு. ஒரு டேங்கிலும் ஏறியதில்லை.