காக்பிட்டில் ஒரு சீட்

புது டர்போப்ராப் பயணிகள் விமானத்தின் முதல் சோதனைப் பறப்புக்கு, பைலட் தன்னோடு புரொப்பெல்லர் இன்ஜினீயரை ஏற்றிக்கொண்டதும் இறக்கை இன்ஜினீயருக்கு வயிறு எரிந்தது.

"இறக்கை இல்லாம அவன் விசிறி பறந்துடுமா? நல்லா காக்கா பிடிச்சிருக்கான்!" என்று மனைவியிடம் போனில் பொருமினார்.

தரையிறங்கிய பைலட், "இறக்கை யாரோட வேலை?" என்றார்.

"என்னோடதுதான் சார்! முழுக்க முழுக்க!"

"நாளைக்கு நீங்க வாங்க."

இறக்கை இன்ஜினீயர் தலைகால் புரியாத சந்தோஷத்தில் புரொப்பெல்லர்காரரிடம் ஓடினார். "நாளைக்கு நான்தான்!"

வியர்வையில் சட்டை நனைந்திருந்த அவர் சிரித்தார். "எந்தப் பாகத்து மேல சந்தேகமோ, அதைச் செஞ்சவரைத்தான் பைலட் தன்கூட ஏத்திக்கிட்டுப் பறப்பாரு. தெரியாதா? என் புரொப்பெல்லர் பாஸாயிடுச்சு!"

ஓரமாக, யாருமே கூப்பிடாத வால்பகுதி இன்ஜினீயர் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தார்.

இறக்கை இன்ஜினீயருக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.