தினம் ஒரு படம்

"புடுங்குன பூண்டு மழையில நனையுது, நீங்க போன்ல வெளையாடிக்கிட்டு இருக்கீங்க!" என்று மணிமேகலை கத்தினாள்.

ஆண்டிச்சாமி நிமிரவில்லை. உலகத்து ஓவியங்களைச் சேர்க்கும் விளையாட்டு அது. கூட விளையாடும் யாரோ தினமும் அவருக்கு ஓர் ஓவியம் அனுப்புவது வழக்கம்.

"தலைமுழுகுன மகதான். ஆனா நதியாவுக்குக் கொழந்தை பொறந்திருக்காம், பஸ்ல சொன்னாங்க. ஒரு சட்டை எடுத்துக்கிட்டு, எட்டிப் பாத்துட்டு வருவோமே?" என்று மணிமேகலையே குரலைத் தணித்துக் கேட்டாள்.

"சட்டை வேணாம். வெரசா கெளம்பு."

"பச்சப்புள்ளயப் பாக்க வெறுங்கையோடயா போவாங்க?"

அவர் போனை அவளிடம் நீட்டினார். "படம் அனுப்புறது நதியாதான். ஒரு வருசமா எங்களுக்குள்ள பேச்சு இல்ல, இது மட்டுந்தான்."

போன வாரம் வந்திருந்தது, தாயும் சேயும்.

இன்று வந்திருந்தது, காலித் தொட்டில்.