லவன் தேடிவந்த லைற்

மடத்துவெளி ஊரில், வீட்டுக் கொட்டில் ஓலைப் பொத்தலால் விழும் வெயில் சதீசனின் பழைய ஹொண்டா மோட்டச்சைக்கிளில் புள்ளி புள்ளியாகக் கிடக்கிறது. தன் மோட்டச்சைக்கிளைக் கபே ரேசர் என்ற பழைய பாணிப் பந்தய வண்டியாக மாற்றும் லவனுக்கு இந்த வட்ட முன் லைற் ஒன்றுதான் குறை. "கழட்டிக்கொண்டு போ மச்சான்" என்று பாரிசிலிருந்து சதீசன் சொல்லிவிட்டான். ஆனால் லைற் கண்ணாடியில் ஆயுத பூசைச் சந்தனமும் குங்குமமும் புதிதாக இருக்கின்றன. காற்றுப்போன சில்லுகள், துருப்பிடித்த எஞ்சின். ஓடாததற்கு ஏன் பூசை? ஸ்பனரும் கையுமாக லவன் விளங்காமல் நிற்கிறான். சதீசனின் தாய் நல்லம்மா தேநீரோடு வருகிறார். "மகன் சொன்னவன். பெற்றோல் டாங்கி, சில்லு எல்லாம் கழட்டும் தம்பி." "லைற், அன்ரி?" அவர் சேலைத் தலைப்பால் கண்ணாடியின் விளிம்பைத் துடைக்கிறார். "அதை விட்டிடும். பொட்டு வைக்க முகம் வேணுமெல்லே."