துணைக்கு வந்தவள்

"உங்க தங்கச்சி நல்லா தூங்குறாங்களா?" என்று டாக்டர் அக்காவிடம் கேட்டார்.

என் தூக்கத்தைப் பற்றி என்னிடம் யாரும் கேட்பதில்லை. நோய் எனக்கு, நாற்காலி அக்காவுக்கு. மேஜைக்கு எதிரே அவள் உட்காருவாள். நான் சுவரோரம், எடை பார்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில். வருடக்கணக்காக இப்படித்தான்.

"அவளா? இடி விழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டா டாக்டர்!" என்று அக்கா சிரித்தாள்.

உண்மைதான். நான் தூங்குகிறேன். மாத்திரையை ஒருவேளைகூட விடுவதில்லை. முன்பு அதனால் கை நடுங்கும். டாக்டரே பார்த்து அளவைக் குறைத்தார். நல்ல மனிதர். அதற்குப் பிறகுதான் மூக்குக் கண்ணாடிக் கடையில் எனக்கு மறுபடி வேலை கிடைத்தது. அந்தப் பொடித் திருகாணிகளை நடுங்குகிற கையால் பிடிக்க முடியாது.

தூங்காதவள் அக்கா.

ஒரு வாரமாக அவள் படுக்கவே இல்லை. சமையலறைக் கதவுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தாள். பிறகு எல்லாக் கதவுகளுக்கும். பிறகு ஃப்ரிட்ஜுக்கு!

கணக்கு டீச்சர் அவள். எதையும் அளந்துதான் பேசுவாள். இப்போது ஒரு பேச்சை முடிப்பதற்குள் இன்னொன்றுக்குத் தாவுகிறாள். வேலையை விட்டுவிட்டு பேக்கரி வைக்கப் போகிறாளாம். முட்டையை ஒழுங்காக உடைக்கத் தெரியாதவள்.

"சந்தோஷமா இருக்கா, விடேன்" என்கிறார் மாமா. கட்டிக்கொண்ட புண்ணியவானுக்குக்கூடப் புரியவில்லை.

பாம்பின் கால் பாம்பறியும். அந்தச் சந்தோஷம் எனக்குத் தெரியும். அது தலைக்கேறித்தான் ஒருநாள் மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர் மேல் ஏறி நடந்தேன். அக்கா பாய்ந்து என் இடுப்பைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தேன்.

அவளை யார் இழுப்பது?

டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் காலையிலிருந்து பயம். ஏனென்றால், நோய் முற்றியிருந்தபோது இதே அறையில், "எனக்கு ஒண்ணுமில்ல, அக்காவுக்குத்தான் பைத்தியம், அவளைப் பிடிங்க" என்று கத்தியவள் நான். இப்போது நிஜமாகவே புலி வந்திருக்கிறது. என் வாயை யார் நம்புவார்கள்?

அதற்குள் அக்கா பேக்கரியைப் பற்றி ஆரம்பித்திருந்தாள். டாக்டரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

"டாக்டர், நான் நல்லாத் தூங்குறேன். அக்காதான் தூங்கல. எனக்குப் பயமா இருக்கு, அவளைக் கொஞ்சம் பாருங்க."

சொல்லிவிட்டேன். குரல்தான் பாழாய்ப்போன குரல், உடைந்துவிட்டது. அழுகிற நோயாளியை எந்த டாக்டர்தான் நம்புவார்?

அவர் அக்காவின் நகங்களில் ஒட்டியிருந்த மஞ்சள் பெயிண்டைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். முதல்முறையாக, நிதானமாக, என்னை மட்டும்.

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டா டாக்டர்" என்றாள் அக்கா. சிரிப்பை நிறுத்த முடியாமல் சிரித்தாள்.

எனக்குப் பழைய அளவையே திரும்ப எழுதினார். சீக்கிரமே மறுபடி கூட்டி வரச் சொன்னார். அதையும் அவளிடம்தான் சொன்னார்.

வெளியே வந்ததும் அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் விறுவிறுவென்று படியிறங்கினேன். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. போச்சு, கடை வேலையும் போச்சு.

பாதிப் படியில் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். நன்றாகத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் திட்டவில்லை. சிரிப்பு முகத்தில் மிச்சமே இல்லை. மேலே டாக்டரின் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல என் காதருகே குனிந்தாள்.

"உனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுதாடி?"