அறுபத்தாறாவது வளைவு

நாற்பதாவது வளைவைத் தாண்டியதும் ஜாபர் அலி ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தான். சலீமா பீவி இன்னும் வாந்தி எடுக்கவில்லை.

மடியில் எலுமிச்சம்பழம். பக்கத்தில் பிளாஸ்டிக் பை, மடித்தது மடித்தபடி. முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். தொண்ணூற்றேழில், கல்யாணமான புதிதில், அவளைப் பஸ்ஸில் கூட்டிவந்தான். பதினெட்டாவது வளைவில் குமட்டுகிறது என்று இறங்கியவள், எதிரே வந்த பஸ்ஸைக் கைகாட்டி ஏறி ஊருக்கே திரும்பிவிட்டாள். அடுத்த வருடம் ஜீப்பில் இருபத்திரண்டு. அதற்கப்புறம் மாமன் மகன் வேனில் இருபத்தேழு. ஒன்பது வருடத்தில் முப்பதைத் தொட்டதில்லை.

அவனுக்குக் கொல்லிமலைமேல் சோளக்காடு ஊர்ச் சந்தையில் மிளகு வியாபாரம். ஆறு நாள் மலையில்தான். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு இறங்கினால் சேந்தமங்கலம் வீட்டில் ஒரு நாள். அந்த ஒரு நாளில் அஞ்சறைப்பெட்டியிலிருந்து துணி காயும் கொடி வரை இடம் மாற்றி வைத்துவிட்டுத்தான் மறுபடி மலையேறுவான். வைத்தது வைத்த இடத்தில் இருக்கிறதா என்று அடுத்த வெள்ளிக்கிழமை மறக்காமல் பார்ப்பான்.

மலைமேலேயே செம்மேட்டில் வீடு பிடித்துச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. பிள்ளைகள் அர்ஹானுக்கும் உமைராவுக்கும் அங்கே பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்தாயிற்று. இனி சலீமா மேலே வந்து சேர வேண்டியதுதான் பாக்கி. தனியாகச் சாப்பிட்டு, தனியாகப் படுத்து அவனுக்கு அலுத்துப்போயிருந்தது.

அதற்காகத்தான் இந்த வண்டி. சேலத்து ஷோரூம்காரர் பின்கதவில் இருந்த ‘டர்போ’ எழுத்தைத் தட்டிக்காட்டி, மலை ஏறுவதே தெரியாது என்றார். ஜாபர் அலி அவரிடம் கேட்டது ஒரே கேள்விதான். உட்கார்ந்து வருகிறவர்களுக்கு வாந்தி வருமா?

வராது என்றார்.

காரவள்ளியிலிருந்தே அவன் பாடம் நடத்திக்கொண்டு வந்தான். வளைவு திரும்பியதும் இரண்டாவது கியரில் மிதித்தால், ஒரு கணம் யோசித்துவிட்டு, யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டதுபோல் ஏறுகிறதே, அதுதான் டர்போ. ஒரே விரலில் திரும்புகிறதே, அது பவர் ஸ்டீயரிங். பின்சீட்டுக்கும் ஏசி உண்டு. டம்ளர் வைக்கத் தனியாகக் குழி உண்டு.

சலீமா கண்ணாடிச் சன்னலை இரண்டு விரற்கடை இறக்கினாள்.

“ஏசி ஓடறப்ப எதுக்குச் சன்னலை இறக்கறே?”

ஏற்றிவிட்டாள்.

ஐம்பது. ஐம்பத்தைந்து. அறுபது. பலகையில் இருந்த எண்களை அவன் வாய்விட்டே படித்தான். அவள் தூங்கி விழவில்லை, கண்ணை மூடவில்லை, எலுமிச்சம்பழத்தைத் தொடக்கூட இல்லை.

“இன்னும் பத்துதான் சலீமா. அடுத்த மாசமே சாமானெல்லாம் லாரியில ஏத்திரலாம்” என்றான். சந்தோஷத்தில் ஹாரனை ஒருமுறை சும்மாவே அடித்தான்.

அவள் எலுமிச்சம்பழத்தை எடுத்து முகர்ந்தாள்.

அறுபத்தாறில், “ஏனுங்க, கொஞ்சம் நிறுத்துங்க. வருது” என்றாள்.

ஓரங்கட்டினான். இறங்கப் போனவனை வர வேண்டாம் என்று கைகாட்டிவிட்டு, வண்டிக்குப் பின்னால் தடுப்புச் சுவர் பக்கம் போனாள்.

அவனுக்கு மனசு கேட்கவில்லை. தலை சுற்றிச் சுவருக்கு அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டால்? இடதுபக்கக் கண்ணாடியில் வண்டியின் கதவுதான் தெரிந்தது. அவள் தெரியவில்லை. அப்போதுதான் அந்தப் பொத்தான் ஞாபகத்துக்கு வந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்ணாடியைத் திருப்பலாம் என்று ஷோரூம்காரர் கடைசியாகக் காட்டிய சங்கதி. அழுத்தினான். கண்ணாடி மெல்ல முனகிக்கொண்டு வெளிப்பக்கமாகத் திரும்பியது.

சலீமா தெரிந்தாள்.

சுவரில் கையை ஊன்றி, கீழே சேந்தமங்கலம் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று வாங்க வந்தவள் மாதிரி நின்றாள். பிறகு ஒருமுறை வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். குனிந்தாள். இரண்டு விரல்களைத் தொண்டைக்குள் விட்டாள்.

வரவில்லை. மறுபடியும் விட்டாள்.

மூன்றாவது முறைதான் வந்தது.

பதினெட்டு, இருபத்திரண்டு, இருபத்தேழு என்று ஜாபர் அலியின் மனம் தன்னால் எண்ணியது. அவனுக்கு வலித்தது. கோபம் வரும் என்று காத்திருந்தான். அது வரவில்லை.

அவள் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன.

“நல்ல வண்டிதானுங்க. எனக்குத்தான் ஒத்துக்கல.”

“சரி, திரும்பிரலாம்” என்றான்.

இன்னும் நாலே நாலு என்று அவன் கெஞ்சவில்லை. ஒன்பது வருடத்தில் இது முதல்தடவை. சலீமா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

வண்டியைத் திருப்ப அவனுக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது. பொத்தானை அழுத்தினான். அவள் பக்கத்துக் கண்ணாடி, அவள் நின்ற சுவரை விட்டு முனகிக்கொண்டே பழைய இடத்துக்கு வந்தது. அது வந்து நிற்கும்வரை அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது எதுக்குங்க?” என்றாள், இரண்டு வளைவு இறங்கிய பிறகு.

“பின்னால நடக்கறது தெரியறதுக்கு.”

அவள் எலுமிச்சம்பழத்தைப் பையில் போட்டு மூடினாள். கொஞ்ச நேரம் கழித்துச் சன்னலை முழுசாக இறக்கினாள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவன் கையை நீட்டி அதை அணைத்தான்.